மூன்று கிண்ணமும் ஒரு டியூப் பசையும்

"இந்த வீட்டில் இனி உடைந்த ஒரு கிண்ணம்கூடக் குப்பைக்குப் போகாது!"

சனிக்கிழமை காலை, சமையலறை நடுவில் நின்று முழங்கினேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் பிழைப்பு. என் பிழைகளைத் திருத்துவது மனைவியின் பிழைப்பு. பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். வீட்டில் என்னை நடத்துகிறாள்.

பாத்திரம் கழுவுவது என் இலாகா. கழுவியதில் மூன்று பீங்கான் சூப் கிண்ணங்கள் உடைந்து காலி. மொத்தம் ஆறு, மனைவியின் அக்கா கொடுத்த பரிசு. ஒவ்வொன்றிலும் ஒரு மாறுகண் வாத்து. அந்த அக்காதான் மறுநாள் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். அவர் முறைத்தால் பால் திரிந்துவிடும்.

"எதுக்குங்க வீண் சிரமம்? உடைஞ்சது உடைஞ்சதுதான்" என்றாள் மனைவி.

"அக்கா என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க!"

"நான் சமாளிச்சுக்கறேன். விட்டுடுங்க."

ஆகா, என் மேல் எத்தனை பரிவு! கண் கலங்கிவிட்டது. ரகசியமாகச் சேர்த்து வைத்திருந்த துண்டுகளைச் செருப்புப் பெட்டியிலிருந்து கொட்டினேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஆலோசனை சொல்ல வந்தார்.

"ஈரத்துல ஒட்டாது. நல்லாத் துடைங்க. பசையை மெல்லிசாத் தடவுங்க. அப்புறம் அரை மணி ஆடாம அசையாம இருக்கணும்."

"கிண்ணமா?"

"நீங்க."

"பேசலாமா?"

"கூடாது. என்கிட்ட வர்றவங்க யாராவது பேசறாங்களா?"

பேசாமல் பிடித்தேன். அரை மணியில் எனக்கும் கிண்ணத்துக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். கட்டைவிரல் வரவே இல்லை. டாக்டர்தான் பிடுங்கினார். பழக்கப்பட்ட கை.

சாயங்காலத்துக்குள் மூன்றும் தயார். ஒரு வாத்துக்கு மட்டும் தலை இருந்த இடத்தில் வால். மற்றபடி குறை சொல்ல முடியாது. மனைவி மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசை டியூபையும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் அக்கா, சகலை, அவர்கள் மகள், மூவரும் வந்தார்கள். முழுக் கிண்ணங்கள் அவர்களுக்கு, ஒட்டியவை எங்களுக்கு என்பது என் திட்டம். தளதளவென்று கொதிக்கும் சூப்பை மனைவி என் கிண்ணம் நிறைய ஊற்றினாள்.

"உனக்கு?"

"அப்புறம் குடிக்கறேன். நீங்க ஆற அமரக் குடிங்க."

ஆற ஏது நேரம்? ஒட்டு தெரியாமலிருக்கக் கிண்ணத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். உள்ளங்கைக்குள் பசை இளகுவது தெரிந்தது. அக்காவோ தன் முழங்கால் வலியின் வரலாற்றை அப்போதுதான் தொடங்கியிருந்தார்.

படக்!

கிண்ணம் கையில் பாதி, மடியில் பாதி. சூப் முழுக்க மடியில். துள்ளிக் குதித்தேன்.

"அக்கா, மன்னிச்சிடுங்க! நான்தான்! மூணையும் நான்தான் உடைச்சேன்!"

அக்கா முறைக்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அப்பாடா, தொலைஞ்சுதா அந்த வாத்து! யாரோ எனக்குக் கொடுத்தது, தம்பி. பார்க்கச் சகிக்காமத்தான் உங்க தலையில கட்டினேன்."

"ஐயோ அக்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எனக்கும் பிடிக்கல. நீ கொடுத்ததாச்சேன்னு தூக்கிப் போட மனசு வரல. அதனாலதான் ரெண்டு வருஷமா இவர்கிட்ட கழுவக் கொடுக்கறேன். இவர் என்னடான்னா ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்!"

"அப்ப... அந்தக் கொதிக்கிற சூப்?"

"சூடு பட்டா விட்டுடும்னு டியூப்லயே போட்டிருக்கே."

சொட்டச் சொட்ட நின்றேன். மனைவி துடைக்க ஒரு துண்டைக் கொடுத்தாள். கையோடு, மேஜையிலிருந்த மூன்று முழுக் கிண்ணங்களையும் அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"இது மூணும் ரொம்பக் கெட்டி. இன்னிக்குக் கொஞ்சம் கவனமில்லாமக் கழுவுங்க."