சம்பந்தி, தயவுசெய்து கியர் எண்ணெய் ஊற்ற வேண்டாம்

பெருமதிப்புக்குரிய பாலோ ஊர்ச் சம்பந்தி அர்ச்சுனன் அவர்களுக்கு,

சிகாமட்டிலிருந்து ஐயாசாமி கைகூப்பி எழுதுவது. இந்த மழைக்கு ஆற்றுத் தண்ணீர் இன்னும் எங்கள் வாசல் ஏறவில்லை. ஆகவே நானும் என் மனைவி சந்திரமதியும் நலம். தாங்களும் சம்பந்தியம்மா புஷ்பவள்ளியும், எட்டு மாதக் கர்ப்பிணியாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மகள் பிரேமலாவும் நலமாயிருக்க முருகன் துணை நிற்பானாக.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் "பரவாயில்லைங்க சம்பந்தி" என்கிறேன், நீங்கள் "அட, பரவாயில்லைங்க" என்கிறீர்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். விஷயம் அப்படியே கிடக்கிறது. விஷயம் நம் வேன்.

மாப்பிள்ளை வசந்தன் சிங்கப்பூரில் வேலை செய்வதால், அவருடைய ஆட்டோ கியர் வேன் ஒரு வாரம் உங்கள் வீட்டிலும் மறு வாரம் எங்கள் வீட்டிலும் நிற்பது தாங்கள் அறிந்ததே. கொஞ்ச நாளாக அது இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது முதலில் யோசிக்கிறது, பிறகு பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு குலுக்கு. போன முறை எங்களிடம் நின்றபோது பின் இருக்கையில் சந்திரமதி மடியில் வைத்திருந்த மீன் குழம்பு முழுவதும் என் முதுகில். கிளினிக் டாக்டரம்மாவும் பிரேமலாவைப் பார்த்துவிட்டு, "இப்படிக் குலுங்குற வண்டியில அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். டாக்சி பிடிக்கலாமா என்றேன். "நம்ம வண்டி இருக்கும்போது வாடகை வண்டியா, நாலு பேரு என்ன சொல்வாங்க" என்றீர்கள். நானும் பரவாயில்லை என்றேன். ஆனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே சம்பந்தி? ஒன்பதாம் மாதம் ஆகிவிட்டால் பெண்ணை அசைக்கக் கூடாது என்கிறார் சம்பந்தியம்மா. இருப்பது ஒரே பெண். அவள் அறையைக் கழுவி, புதுத் திரை மாட்டி, தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். வராமலே போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ஆகவே வேன் என் முறைக்கு வந்ததும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். சாவியைக்கூடத் திருப்பாமல் "கியர் பாக்ஸ் ரோசாக், கெட்டுப்போச்சு அங்கிள், மாத்தணும்" என்றான் அங்கிருந்தவன். பக்கத்து வீட்டுக்காரர் கண் திருஷ்டி என்றார். பூசணிக்காய் சுற்றி உடைத்தேன், உதை கூடத்தான் செய்தது. கடைசியில் வண்டி ரிப்பேர் பார்க்கும் செல்வா என்கிற ஃபோமனிடம் போனேன். அவன் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான். "அலமாக்! யாரு அங்கிள் இவ்ளோ எண்ணெய் ஊத்துனது? இது என்ன பொங்கப் பானையா?" எண்ணெய் அளவுக்கு மிஞ்சினால் உள்ளே நுரைத்துப்போய், பிடிப்பில்லாமல் கியர் தடுமாறுமாம்.

"நான் ஒரு பாட்டில்தான் ஊத்துனேன்" என்றேன்.

"எப்ப?"

"ஒவ்வொரு தடவையும்."

சம்பந்தி, வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. உங்கள் குடும்பத்திலும் கிடையாது, அதுதான் வினை. பெட்ரோல் நிரப்பினோம். நீங்கள் வாழைத்தார் வைத்தீர்கள், நாங்கள் முறுக்கு வைத்தோம். இதற்கு மேலும் என்ன மரியாதை செய்யலாம் என்று ஒரு காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அந்தக் கம்பியை உருவினேன், குறைச்சலாகத் தெரிந்தது, ஊற்றினேன். ஓடிச் சூடானபின்தான் பார்க்க வேண்டுமாம், யாருக்குத் தெரியும்? வேலையில் இருந்த காலமெல்லாம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்! சரி, என் பாட்டில்களுக்கு நான் பொறுப்பு. மற்ற பாட்டில்கள்?

செல்வா மிச்சத்தை வடித்துவிட்டான். அப்புறம் வேன் போன போக்கு இருக்கிறதே, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மாப்பிள்ளையிடம் சந்தோஷமாகக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளே உங்க போன். "வண்டி வந்துச்சுங்க. காலையில பார்த்தேன், எண்ணெய் கொஞ்சம் கம்மி. சும்மா விட முடியுமா? ரெண்டு பாட்டில் ஊத்திட்டேன். ஆனா இன்னும் குலுங்குதுங்க." அதுக்கு நான் என்ன சொன்னேன்? பரவாயில்லைங்க சம்பந்தின்னேன். போனை வெச்சிட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன்.

அதனால இப்ப வெளிப்படையாவே எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. ஊத்தாதீங்க. இனி ஒரு சொட்டு ஊத்தாதீங்க. அங்க ஒரு ஃபோமனை வெச்சு மிச்சத்தை வடிச்சிடுங்க. பெட்ரோலும் வேணாம், வாழைத்தாரும் வேணாம். வெறும் வண்டியில என் பொண்ணை மட்டும் ஏத்தி அனுப்புங்க. எனக்கு அதுவே பெரிய மரியாதை.

வயதில் மூத்த தங்களை வணங்கி, பிறக்கப்போகும் பிள்ளைக்கும் என் ஆசிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
ஐயாசாமி

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் டாக்சிச் சத்தம். இறங்கியது பிரேமலா! பின்னாலேயே பெட்டியோடு தங்கள் துணைவியார். கிளினிக் போவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் குளுவாங்கில் ரயில் ஏறி வந்துவிட்டார்கள். குலுக்கலே இல்லையாம். நம் வீட்டம்மாக்கள் இருவரும் பேசிவைத்து, போன வாரமே டிக்கெட் எடுத்துவிட்டார்களாம். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பிரசவம் முடியும்வரை சம்பந்தியம்மா இங்கேதான் இருப்பாராம். உங்களுக்கு ஃபிரிட்ஜில் ரசம் இருக்கிறதாம். "ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மகளைக் கேட்டேன். "சொல்லியிருந்தா, ரெண்டு அப்பாவும் மாத்தி மாத்தி மரியாதை பண்ணி முடிக்கிறதுக்குள்ள என் பிள்ளை ஸ்கூலுக்கே போயிருக்கும்லா" என்கிறாள்.