சிறு புதுப்பிப்பு தொடர்பான கோப்பு

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே எங்கள் பாசனச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சர்வர் உண்டு. எந்த வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று எங்கள் போனுக்குச் செய்தி அனுப்புவது அதுதான். அதைப் பார்த்துக்கொள்பவள் பாளையங்கோட்டை எப்சி.

ஒரு திங்கட்கிழமை அந்த மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்பு வந்தது. வெளியாள் நுழைய ஓர் ஓட்டை இருக்கிறது, அடைக்கப் பத்து நிமிடம் போதும் என்று தயாரித்தவர்கள் எழுதியிருந்தார்கள். எப்சி செயலாளர் தேவசிகாமணியிடம் அனுமதி கேட்டாள்.

"சிறுன்னா எவ்வளவு சிறு?" என்றார் அவர்.

"நாலு புள்ளி ரெண்டு புள்ளி ஆறு, ஏழாகுது சார். அவ்வளவுதான்."

எண் மாறினால் அது மாற்றம், மாற்றத்துக்குக் கோப்பு வேண்டும் என்று அவர் விளக்கினார். கோப்பு பிறந்தது. ஓட்டையை நேரில் பார்வையிட மூவர் குழு வந்தது. சர்வரைச் சுற்றிப் பார்த்து, பின்பக்கம் காற்றுப் போகும் துளைகளை எண்ணி, அனைத்தையும் பிளாஸ்திரி ஒட்டி அடைக்குமாறு பரிந்துரைத்தது. சர்வர் சூடேறி இரண்டு நாள் படுத்துவிட்டது. கடைமடை வாழை வாடியது. எப்சி பிளாஸ்திரியை உரித்துப் போட்டு, அதற்கொரு மெமோ வாங்கினாள்.

கோப்பு ஐந்தாவது மேசையில் இருக்கையில் ஒருவன் ஓட்டை வழியே உள்ளே வந்துவிட்டான். எந்த நாட்டுக்காரனோ தெரியாது. எங்கள் ஆதார் எண், போன் எண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டான். வேறு திருடர்கள் போட்டிக்கு வரக்கூடாதே என்று அந்தப் புதுப்பிப்பையும் தானே போட்டான். தன் வேலைக்குச் சர்வர் வேகமாக ஓட வேண்டுமென்று, வருஷக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையையும் துடைத்தான். அன்றுமுதல் தண்ணீர்ச் செய்தி நேரத்துக்கு வந்தது.

எப்சி பதறிப்போய்ச் சொன்னாள். செயலாளர் திரையில் எண்ணைப் பார்த்தார். ஏழு. 'பணி செவ்வனே நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிக் கோப்பை முடித்தார். ஆளை வெளியேற்றுவது பெரிய மாற்றம், அதற்குத் தனிக் கோப்பு என்றார்.

அவள் எங்களிடம் வந்தாள். நம் விவரமெல்லாம் அவன் கையில் என்று எடுத்துச் சொன்னாள். சுடலையாண்டி அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார்: "அவன பத்திவிட்டா, பொறவு இத யாரும்மா பாக்கது?"

"நம்ம ஆபீஸ்தான் அண்ணாச்சி."

"அப்ப அவன் இங்கனயே இருந்துட்டுப் போட்டும்."

மறுநாள் அவனை வெளியேற்றக் கூடாதென்று மனுக் கொடுத்தோம். நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து, மூன்றாவது என்னுடையது. எப்சி முழுதும் படித்தாள். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். மனு எப்போது நிறைவேறும் என்று நாங்கள் கேட்டோம். இந்த ஆபீசிலேயே கேட்ட அன்றைக்கே நிறைவேறிய முதல் மனு இதுதான் என்றாள்.