மாமா இன்னும் ஒப்புதல் தரவில்லை

அரைகுறையாக ஒரு மொழி தெரிந்தவன், அது அறவே தெரியாதவர்கள் நடுவில் அகப்பட்டால் பெரிய அறிஞனாகிவிடுகிறான். குளத்தூரில் சித்தப்பா வீட்டில் நான் அப்படித்தான் ஆனேன். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

சித்தப்பா மகள் ஷைனி ஸ்பெயினில் நர்ஸ். அங்கே பழகிய தியேகோ, பெண் கேட்கத் தன் அம்மாவுடன் வந்திருந்தான். ஷைனிக்கு ஸ்பானிஷ் நன்றாக வரும். ஆனால் பெண்ணே உட்கார்ந்து தன் கல்யாணத்தைப் பேசுவது முறையில்லை என்று அவளுடைய தாய்மாமா தங்கராஜ் அவளை அடுக்களைக்கு அனுப்பிவிட்டார். சில மாதங்களாகக் கைப்பேசியில் ஸ்பானிஷ் படித்துவந்த நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். (யாரும் கேட்கவில்லை.)

பத்திரிகை அலுவலகத்தில் தினமும் 'ஒப்புதல் அளித்தது' என்று எழுதிய கை. ஸ்பானிஷில் நான் முதலில் தேடிப் படித்த வினைச்சொல்லே 'அப்ரொபார்'தான். சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் பிறகு.

டீயும் பழம்பொரியும் வந்தன. மாமா இதை அப்ரூவ் செய்கிறாரா என்று தியேகோ என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான். நான் மாமாவைக் கேட்டேன்.

"வீட்டில எல்லாருட்டயும் ஆலோசிச்சிட்டு விளிச்சு சொல்லுதோம், மக்கா."

வீட்டில் கேட்டுவிட்டுக் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றால் எங்கள் பக்கத்தில் முழுச் சம்மதம் என்று பொருள். கேட்ட உடனே சரி என்றால், பெண்ணைத் தள்ளிவிட அவசரப்படுகிறார்கள் என்று ஊர் பேசும். மாமா கல்யாண மண்டபத்துக்கே சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி தருவதல்லவா தொழில் தர்மம்? தியேகோவின் அம்மாவைப் பார்த்து, செய்தி வாசிப்பதுபோல், "எல் தியோ தொடவியா நோ அப்ருவெபா" என்றேன். மாமா இன்னும் ஒப்புதல் தரவில்லை.

அந்த அம்மாள் கடித்த பழம்பொரியைத் தட்டில் வைத்தார். கண் கலங்கியது. மகன் கையைப் பிடித்து எழுப்பி, காரில் ஏறி, பூவார் விடுதிக்குப் போய்விட்டார். டீயில் சீனி குறைந்துவிட்டதோ என்று மாமா சித்தியை விசாரித்தார்.

ஷைனி ஓடிவந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"மாமாக்க பேச்சு உனக்குத் தெரியாதா அண்ணா? நீ இந்த ஊருக்காரன்தானே? நாளைக்கு அவங்களுக்கு பிளைட்டாக்கும்."

மாமாவையும் ஏற்றிக்கொண்டு மூவரும் பூவாருக்கு விரைந்தோம். விடுதியின் படகுத்துறையில் அந்த அம்மாள் நின்றிருந்தார். இந்த முறை ஷைனியே பேசினாள். எல்லாம் கேட்டுவிட்டு, சம்மதம் என்றால் அதை மாமா தன் வாயாலேயே சொல்லட்டும் என்றார் அந்த அம்மாள்.

மாமா வாழ்நாளில் அப்படி நேராக எதையும் சொன்னவரில்லை. (தன் கல்யாணத்தன்று பாதிரியாரிடமே, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு.) படகுக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு வியர்த்தது.

"எனக்கு சம்மதமாக்கும். போதுமா?"

ஷைனி மொழிபெயர்க்கும் முன்பே அந்த அம்மாள் மாமாவைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தமிட்டார். மாமா பல நாள் கடைத்தெருப் பக்கம் வரவில்லை.

கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த பொறுப்பு, வண்டிகளை வரிசையாக நிறுத்துவது. அதன் பிறகு குடும்பத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான் என் வேலை. விசில்கூட வாங்கித் தந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது என்னிடம் வழி கேட்டால் போதும், மாமா எங்கிருந்தாலும் வந்துவிடுவார்.

"எலே, நீ கையை மட்டும் காட்டு. வாயத் தொறக்காத."