சட்டையில் குத்திய பதவி

வாரத்துக்கு ஒருநாள் இருந்த லீவும் போனது, மாஸ்டர் மேனேஜர் ஆன அன்றைக்கு. பதினோரு வருஷமாக அந்த ஓட்டலின் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவர் அவர். ஒருநாள் முதலாளி சிரித்துக்கொண்டே வந்து, அவர் சட்டையில் 'மேனேஜர்' என்று ஒரு பேட்ஜைக் குத்திவிட்டுப் போனார். வெங்காயம் உரிப்பதிலிருந்து அடுப்பைத் துடைப்பதுவரை ஒரு வேலையும் குறையவில்லை.

லீவு கேட்டதற்கு, "மேனேஜருக்கு ஏதுய்யா லீவு? சட்டமே அப்படித்தான்" என்றார் முதலாளி.

"மேனேஜர் சார் இன்னிக்காவது பிள்ளை முழிச்சிருக்கும்போது வருவாரா?" என்று மனைவி கேட்டாள். அது சுருக்கென்று தைத்தது. மகளிடம் பேசி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த அதிகாரியம்மா பொறுமையாக விசாரித்தார். மாஸ்டருக்குக் கீழே ஆட்கள் உண்டா, யாரையாவது வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ முடியுமா என்று கேட்டார். தன் பேச்சை அடுப்புகூடக் கேட்பதில்லை என்றார் மாஸ்டர்.

"அப்போ நீங்க மேனேஜரே இல்ல. சட்டம் பேட்ஜைப் பாக்காது, செய்யற வேலையத்தான் பாக்கும். நான் நேர்ல வர்றேன்."

அதிகாரியம்மா வரப்போவதாக முதலாளிக்கு நோட்டீஸ் போனது. அதுதான் வினையாகிவிட்டது. மறுநாள் காலை மாஸ்டர் கையில் ஒரு கடிதம். பாத்திரம் கழுவுகிறவரும் மேஜை துடைக்கிறவரும் இனி அவருக்குக் கீழே, அவர்களை வேலையை விட்டு நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கையெழுத்துப் போட இஷ்டமில்லையென்றால் வாசல் திறந்துதான் இருக்கிறது என்றார் முதலாளி. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

அதிகாரியம்மா வந்து கடிதத்தைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார். இதன்படி அவர் மேனேஜர்தான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியும் கையுமாக நின்று சத்தம் போட்டார். "வெங்காயம் உரிக்கிற மேனேஜரை எங்கயாவது பாத்திருக்கீங்களாம்மா? எனக்குக் கீழ ஆளு இருக்குன்னு காகிதம்தான் சொல்லுது. அந்த ஆளையே கேளுங்க."

அதெல்லாம் எதற்கு என்று முதலாளி அவசரமாகக் குறுக்கே வந்தார். அதற்குள் அதிகாரியம்மா, முழங்கைவரை நுரையோடு தொட்டியருகே நின்ற பாத்திரம் கழுவுகிறவரிடம் போய், யார் சொல்படி வேலை பார்க்கிறார் என்று கேட்டுவிட்டார்.

அவர் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"எனக்கு யாரும்மா சொல்லணும்? நான்தான் இங்க மேனேஜர், மாஸ்டரும் மேஜை தொடைக்கிறவரும் எனக்குக் கீழ."