நாலாவது பாட்டைக் கேட்காதவர்

மூன்று பாட்டுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. பாடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திறந்தவெளி இசைவிழா எங்கே நடந்தாலும் மேடைக்கும் கூட்டத்தைத் தடுக்கிற கம்பி வேலிக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு சந்து விட்டிருப்பார்களே, அந்தச் சந்தில் கழுத்தில் இரண்டு கேமரா, இடுப்பைச் சுற்றி மூன்று லென்ஸ், பல்லிடுக்கில் ஒரு லென்ஸ் மூடி சகிதம் முட்டி போட்டுத் திரிகிறாரே, அவர்தான். உங்களுக்கும் பாடகிக்கும் குறுக்கே ஒரு முதுகு வந்துகொண்டே இருக்கிறதா? அது அவருடைய முதுகு.

அவருக்கு ஏன் அந்தப் பெயர்? இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு குழுவும் பாடுகிற முதல் மூன்று பாட்டுக்கு மட்டும்தான் படமெடுப்பவர்கள் சந்தில் நிற்கலாம், பிளாஷ் போடக்கூடாது, நாலாவது பாட்டு தொடங்குவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பாடகி வியர்த்து விறுவிறுத்து முகப்பூச்சு கழுத்துக்கு இறங்குவதற்கு முன்னால் இவர்களைத் துரத்திவிட நினைத்த யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ போட்டது என்று நானாக ஊகித்துக்கொண்டிருக்கிறேன். பண்டுங் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் பதினாறு வருடமாகக் கீபோர்டு வாசித்து வருகிற எனக்கு, மேடையிலிருந்து குனிந்தால் தெரிவது இந்த இனத்தின் உச்சந்தலைதான். அதனால் இவர்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

உதாரணத்துக்கு எங்கள் காங் யயானை எடுத்துக்கொள்ளுங்கள். காங் என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். வயது நாற்பத்தாறு, முட்டிக்கு மட்டும் எழுபது. இதுவரை அறுநூறு குழுக்களைப் படமெடுத்திருக்கிறார். அதில் ஒரு குழுவின் நாலாவது பாட்டைக்கூடக் கேட்டதில்லை. ஆனால் கருத்து இல்லாமல் இருக்குமா?

"அந்தப் பசங்களா? ஆரம்பத்துல நல்லாத்தான் இருக்கும். போகப் போக ஒண்ணுமில்லப்பா" என்பார்.

போகப் போக என்ன இருந்தது என்று இவருக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் கூடாரத்தில் உட்கார்ந்து சூடாக இஞ்சிக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாரே! கேட்டுப் பாருங்களேன். "மூணு பாட்டுலயே தெரிஞ்சிடும்" என்று கேமராவைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

பாட்டைத்தான் கேட்கமாட்டார், பாடுகிறவரையாவது பார்ப்பாரா என்றால் அதுவும் இல்லை. கண்ணெதிரே ஆறடியில் மனுஷி உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பாள், இவர் டப்டப்பென்று இருபது படம் தட்டிவிட்டுக் குனிந்து கேமராவின் பின்பக்கத்துத் திரையில் அவளைத் தேடுவார், தேடி முடித்து உதட்டைப் பிதுக்கி, "லைட்டு சரியில்ல" என்று தலையாட்டுவார். எங்கள் குழுவின் பாடகி லிலிஸிடம் ஒருநாள் நேரிலேயே வந்து ஒரு யோசனை சொன்னார்.

"லிலிஸ், அந்த மைக்கு உன் வாயை மறைக்குதும்மா. கொஞ்சம் தள்ளி வெச்சிட்டுப் பாடேன்."

"தள்ளி வெச்சா பாட்டு கேக்காதே காங்?"

"அது பரவால்ல."

அடுத்து மழை. லெம்பாங் மலையில் மழைக்கால விழா என்றால் மழைக்கு எதிராக ஊரே திரண்டு நிற்கும். மேடைக்குப் பின்னால் குச்சி குச்சியாக மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி மண்ணில் நட்டிருப்பார்கள். மழை கட்டுவதற்கென்று விழாக்காரர்கள் அமர்த்திய எங்கோஸ் பெரியவர் ஒரு மூலையில் சாம்பிராணி புகைய, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஒயர் நனைந்துவிடுமே என்று ஒலிக்காரர்கள் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கி நிற்பார்கள். இத்தனை பேருக்கு நடுவில் மழை வேண்டும் என்று மனமுருகி வேண்டுகிற ஒரே ஜீவன் மூன்று பாட்டுக்காரர். ஏனென்றால் பின்னாலிருந்து விளக்கு அடிக்கும்போது மழைத்துளி ஒவ்வொன்றும் படத்தில் பளபளவென்று விழுமாம். போன டிசம்பரில் நடந்த விழாவில் காங் யயான் நேரே எங்கோஸ் பெரியவரிடமே போய்க் குந்திவிட்டார். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை அபா என்போம்.

"அபா, ஒரு சின்ன உதவி. அஞ்சு மணிக்கு மேல கொஞ்சம் விட்டுடுங்களேன்."

பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எதை விடணும்?"

"மழையத்தான். நல்லா பெய்ய வேணாம். பின்னாடி லைட்டு போடுறப்ப மட்டும், ஒரு மூணு பாட்டுக்கு."

"உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் நாலே முக்காலுக்கே பிடித்துக்கொண்டு கொட்டியது. இவர் தன் கேமராவுக்கு, ஹோட்டல் குளியலறையில் சும்மா கிடைக்குமே, அந்தப் பிளாஸ்டிக் தலைத்தொப்பியை மாட்டிவிட்டு, தன் தலையை மழைக்குக் கொடுத்துவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்த விழாவில்தான் எங்கள் செசெப் விஷயம் நடந்தது.

செசெப் எங்கள் டிரம்ஸ்காரன். ஒன்பது வருடம் எங்களோடு வாசித்தவன். அந்த ஞாயிறுதான் அவனுக்குக் கடைசி மேடை, செவ்வாய்க்கிழமை விமானம். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்க வைக்கிற வேலை, மூன்று வருட ஒப்பந்தம். இனி அவன் டிரம்ஸ் குச்சியைத் தொடுவானோ மாட்டானோ. காருத் ஊரில் இருக்கிற அவன் அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. வீட்டுச் சுவரில் பெரிய மகன் போலீஸ் உடுப்பில் நிற்கிறான், மகள் பட்டமளிப்பு அங்கியில் சிரிக்கிறாள், செசெப்புக்கு மட்டும் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம். வருகிறவர்கள் எல்லாம் இந்தப் பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்கிறார்கள். அவன் வாசிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறவளால் மலையேறி வந்து பார்க்க முடியாது.

ஒன்பது வருடத்தில் ஒரு படம்கூடவா இல்லை என்று கேட்பீர்கள். டிரம்ஸ்காரனை எவன் எடுக்கிறான்? அவன் எல்லாருக்கும் பின்னால், அண்டா மூடி மாதிரி ஐந்தாறு தட்டுகளுக்கு நடுவே, புகைக்குள் உட்கார்ந்திருப்பான். எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் செசெப் இருக்கிறான். ஒன்றில் முழங்கை. ஒன்றில் அந்தரத்தில் ஒரு குச்சி.

அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். நாலாவது பாட்டில் செசெப் டிரம்ஸை விட்டு எழுந்து, கெண்டாங்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதாவது எங்கள் ஊர் மத்தளத்தை, மேடையின் முன் விளிம்புக்கே வந்து தனியாக வாசிப்பான். லிலிஸ் ஒதுங்கிக்கொள்வாள். விழாக்காரர்கள் கையைக் காலைப் பிடித்து, எங்கள் நிகழ்ச்சி முடிகிறவரை சந்தில் நிற்கலாம் என்று காங் யயானுக்கு மட்டும் ஒரு சிவப்புக் கைப்பட்டை வாங்கி, நானே அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டேன்.

"காங், நாலாவது பாட்டு. மறந்துடாதீங்க."

"ஏன்டா ஜஜாங், எங்கிட்டயே சொல்றியா? செசெப் மூஞ்சியக் கல்வெட்டு மாதிரி எடுத்துத் தர்றேன். அம்மாவ ஆணி அடிச்சு வெக்கச் சொல்லு."

மழையில் முதல் பாட்டு போயிற்று. காங் யயான் லிலிஸின் கூந்தலிலிருந்து துளி சொட்டுவதை எடுத்தார். இரண்டாவது பாட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வேலியோரம் பச்சை மழைக்கோட்டில் தேம்பித் தேம்பி அழுத ஒரு பெண்ணை எடுத்தார். (அந்தப் படம் மறுநாள் 'இசையில் கரைந்தவள்' என்ற தலைப்போடு ஊர் முழுக்கச் சுற்றியது. அந்தப் பெண்ணின் புதுச் செருப்பு சேற்றில் போய்விட்டது, அதற்குத்தான் அழுதாள்.) மூன்றாவது பாட்டில் ஒரு குட்டையில் தெரிந்த மேடையின் பிம்பத்தை எடுக்கக் குப்புறப் படுத்தார். மூன்றாவது பாட்டு முடிந்தது. செசெப் எழுந்து கெண்டாங்கை மாட்டிக்கொண்டு, கூச்சத்தோடு ஒவ்வோர் அடியாக முன்னால் வந்துகொண்டிருந்தான்.

காங் யயான் எழுந்தார். முட்டியைத் தட்டினார். லென்ஸுக்கு மூடி போட்டார். நடையைக் கட்டினார்!

சந்தின் வாசலில் நின்ற காவலர்கூடக் கையை நீட்டி, "சிவப்புப் பட்டை கட்டிருக்கீங்களே, நீங்க நிக்கலாம்ணே" என்றார். அவர் சொன்னது மேடையில் எனக்கே கேட்டது.

"சட்டம்னா சட்டம் தம்பி" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு இவர் போய்க்கொண்டே இருந்தார்.

எனக்கு இரண்டு கையும் கீபோர்டில். தலையை ஆட்டினேன், புருவத்தை ஆட்டினேன், காலால் மேடையை உதைத்தேன். பொறுக்கமுடியாமல் லிலிஸ் மைக்கிலேயே, "காங் யயான்! காங் யயான்!" என்று கத்தினாள். அவர் திரும்பினார். மூவாயிரம் பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்கிறாள் என்று பூரித்துப்போய், நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கூடாரத்துக்குள் மறைந்தார்.

செசெப் வாசித்தான். நான் எத்தனையோ பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மழையோடு போட்டி போட்டு வாசித்தான். நடுவில் ஒரு தடவை மேகத்தைப் பார்த்து அடித்தான், கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மழையில் யாருக்கும் தெரியவில்லை. ஆறு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

இறங்கியதும் கூடாரத்துக்கு ஓடினேன். காங் யயான் லிலிஸின் மழைத்துளியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துப்போய்விட்டது.

"இல்லடா... மூணாவது முடிஞ்சதும் காலு தானா போயிடுச்சுடா."

மனிதர் கெட்டவர் இல்லை. ஆயிரத்து நானூறு படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிச் செசெப்பைத் தேடினார். ஒரு முழங்கை கிடைத்தது. ஒரு காது கிடைத்தது. பிறகு, அவிழ்த்துக்கொண்டிருந்த மேடையில் கெஞ்சிக் கூத்தாடி விளக்கைப் போடவைத்து, ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த செசெப்பைக் கெண்டாங்கோடு நிறுத்தி, "கைய இன்னும் தூக்கு, லேசா சிரி, அப்படியே இரு" என்று முப்பது படம் எடுத்தார். அருமையான படம். அதை அங்கிருந்தே செசெப் தன் அம்மாவுக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது, எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

"நல்லா இருக்குடா கண்ணு" என்றாள் அம்மா. பிறகு, "ஆனா இதுல வாசிக்கலயே நீ" என்றாள்.

"வாசிக்கறேனேம்மா."

"போடா. சின்னதுல நம்ம அடுப்படியில தகரத்தைத் தட்டினப்பலேந்து, தட்டறப்ப நீ வாயப் பொளந்துட்டு இருப்ப. இதுல வாய மூடிட்டு அழகா சிரிக்கற. பரவால்ல விடு, மாட்டிக்கறேன்."

காங் யயான் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார், அது மாட்டிக்கொண்டது, திரும்பத் திரும்ப இழுத்தார். செசெப் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த இனத்தைத் திட்டிவிட்டு இங்கேயே முடித்துவிடலாம். உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் மறுநாள் நான் இன்னொரு காரியம் செய்தேன். நாலாவது பாட்டை யாராவது கைபேசியில் எடுத்திருந்தால் அனுப்புங்கள் என்று ஊருக்கெல்லாம் கேட்டு எழுதினேன். மூவாயிரம் பேரில் ஒருவர்கூடவா எடுத்திருக்க மாட்டார்கள்? எடுத்திருந்தார்கள். நாற்பத்தொரு காணொளி வந்தது. நாற்பத்தொன்றிலும், எடுத்தவர் தன் பக்கம் கேமராவைத் திருப்பித் தன் முகத்தைத்தான் எடுத்திருந்தார், மழையில் நனைந்து, கண்ணை மூடி, உருகி உருகி ரசித்துக்கொண்டு. அந்த முகங்களின் காதுக்குப் பின்னால் தூரத்தில் மங்கலாக ஒரு புள்ளி குதிக்கிறதே, அதுதான் செசெப்.

நாற்பத்திரண்டாவது ஒன்றும் இருந்தது. செசெப்புக்கு மூன்றடி தள்ளி, மேடையிலேயே, கீபோர்டின் மேல் சாய்த்து வைத்த கைபேசியில் முழுப் பாட்டும் பதிவாகியிருந்தது. யாருடைய கைபேசி என்று கேட்கிறீர்களா? என்னுடையதுதான். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். என் பக்கம். ஆறு நிமிடமும் நான் நன்றாகவே விழுந்திருக்கிறேன். செசெப்பின் சத்தம் அதில் தெளிவாகக் கேட்கிறது, ஆளைத்தான் காணோம். இதை இன்றுவரை காங் யயானிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை செசெப் போய்விட்டான்.

நீங்கள் என்னமோ கேமராவையே தொடாதவர் மாதிரி சிரிக்கிறீர்கள். உங்கள் கைபேசியில் எத்தனை ஆயிரம் படம் இருக்கிறது? வீட்டிலோ வேலையிடத்திலோ கூடிய சீக்கிரம் உங்களை விட்டுக் கிளம்பப் போகிற ஒருவர் இருப்பார், யாரென்று உங்களுக்கே தெரியும். அவர் தன்பாட்டில், வாயைப் பிளந்துகொண்டு, தன் வேலையில் மூழ்கியிருக்கிற படம் ஒன்றை மட்டும் தேடி எடுங்கள். அவசரமில்லை, நான் இருக்கிறேன். தேடிக்கொண்டு போகும்போது வழியில் உங்கள் முகம் எத்தனை தடவை வருகிறது என்பதையும் அப்படியே எண்ணிக்கொண்டு வாருங்கள்.