கடலுக்கு ஒரு எதிர்த்தரப்பு

எந்த விஷயத்தில் உண்மை அறிய வேண்டுமானாலும் அதற்கு இரண்டு தரப்பு இருந்தாக வேண்டும் என்பது அரசாங்கத்தின் அசைக்க முடியாத கொள்கை. ஒரே தரப்பு மட்டும் இருந்தால் அது உண்மையாக இருக்கலாம், விவாதமாக இருக்க முடியாது. விவாதிக்கப்படாத உண்மையை எந்த அலுவலகமும் வாசல்படி ஏற விடுவதில்லை.

அந்தக் கடற்கரை ஊரில் கடல் உயர்ந்திருக்கிறதா இல்லையா என்று கண்டறிய ஒரு குழு அமைத்தபோது இந்தக் கொள்கைக்கு இடைஞ்சல் வந்தது. உயர்ந்திருக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தது. கடல் ஆய்வாளர் அம்மாள் ஒருவர், அலையை அளந்து அளந்தே தலை நரைத்தவர், வரைபடங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். உயரவில்லை என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் தெருவும் இரண்டாம் தெருவும் தண்ணீருக்குள் போய்விட்ட ஊரில் அப்படிச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

குழுத் தலைவர் சோர்ந்துவிடவில்லை. தன் அலுவலகத்திலேயே தேடினார். பதிவறையில் ஒரு எழுத்தர் இருந்தார். யார் எதைச் சொன்னாலும் “ஆனாலும்” என்று ஆரம்பிப்பார். மழை வருகிறது என்றால், ஆனாலும் அந்தப் பக்கம் வெயில் அடிக்கிறதே என்பார். தேநீர் சூடாக இருக்கிறது என்றால், ஆனாலும் ஆறிவிடும் என்பார். அலுவலகம் முழுவதும் அவரை “ஆனாலும் சார்” என்றே கூப்பிட்டது. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். தலைவர் அவரைக் கூப்பிட்டு, எதிர்த்தரப்பு அலுவலராகப் பொறுப்பேற்கும்படி பணித்தார்.

ஆனாலும் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எனக்கு இது சரிப்படாது சார்,” என்றார். “ஆனாலும் என் வீடே மூணாவது தெருவுலதான் இருக்கு. கடல் வாசல்ல வந்து நிக்குது.”

“பாத்தீங்களா, இப்பவே எதிர்க்க ஆரம்பிச்சிட்டீங்க,” என்றார் தலைவர் மகிழ்ச்சியோடு. “இதைத்தான் எதிர்பார்த்தேன்.”

விஷயம் இதுதான். ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டில் கடலோரத் தெருக்காரர்களுக்கென்று புது வீடுகள் கட்டி, வெள்ளையடித்து, பூட்டி வைத்திருந்தார்கள். கடல் உயர்ந்திருக்கிறது என்று குழு முடிவு சொன்னால்தான் பூட்டுத் திறக்கும். சாவிகள் எல்லாம் தலைவரின் மேஜை இழுப்பறையில் தூங்கின. அந்த வீடுகளில் ஒன்று வேண்டுமென்றால் ஆனாலும் சார் விவாதத்தில் தோற்றாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தோற்கிறாரோ அவ்வளவு நல்லது.

வீட்டில் மனைவி கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி என்று சொல்லித்தான் அந்த வீட்டை வாங்கினார்கள். கடல் தன் பங்குக்குத் தெருக்களைக் குறைத்துக்கொண்டு வந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால், ஜன்னலைத் திறந்தாலே கடல், கொடுத்து வைத்தவர்கள் என்று வயிறெரிந்துவிட்டுப் போவார்கள். ராத்திரி தங்கச் சொன்னால் மட்டும் அவசர வேலை வந்துவிடும். நடந்ததைக் கணவர் சொல்லி முடித்ததும் அவள் செங்கலைக் கீழே வைத்தாள்.

“இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப் போடுறீங்க? போய் நல்லாத் தோத்துட்டு வாங்க. கல்யாணமான நாள்லேர்ந்து எங்கிட்ட தோத்த பழக்கம் எதுக்கு இருக்கு?”

பக்கத்து வீட்டுத் தையல்காரரும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, எங்க எல்லாருக்கும் சேர்த்துத் தோத்துடுங்க சார் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய தையல் இயந்திரம் அப்போதே மேஜை மேல் ஏறியிருந்தது. இயந்திரத்தின் மிதிபலகை மேஜை மேல் இருந்தபடியால் அவரும் மேஜை மேல்தான் உட்கார்ந்து தைத்தார்.

முதல் அமர்வு நகர மண்டபத்தில் நடந்தது. ஏசியை எவ்வளவு கூட்டி வைத்திருந்தார்கள் என்றால், புவி வெப்பமடைதல் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லாம் போர்வை கேட்டார்கள். ஆய்வாளர் அம்மாள் எழுந்து நிதானமாகச் சொன்னார். புகை போர்த்திக்கொண்ட காற்று சூட்டை வெளியே விடுவதில்லை. சூடான தண்ணீர் விரிகிறது, பனிப்பாறை உருகுகிறது, இரண்டும் சேர்ந்து கடலை உயர்த்துகின்றன. அதோடு உட்கார்ந்திருக்கலாம். படித்தவர் ஆயிற்றே, இது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்.

“மிச்சம் அஞ்சு?” என்றார் தலைவர்.

மிச்சத்தையும் உறுதியாகச் சொல்ல அறிவியலில் வழியில்லை என்றார் அம்மாள். அந்த ஐந்தும் எதிர்த்தரப்புக்குச் சொந்தம் என்று தலைவர் தீர்ப்பளித்து, ஐந்துக்கும் தொண்ணூற்றைந்துக்கும் சம நேரம் ஒதுக்கினார்.

ஆனாலும் சார் எழுந்தார். தோற்பதற்கு வழி ராத்திரியே யோசித்து வைத்திருந்தார். ஒரு சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும்படியான காரணமாகச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவர் சொன்னார்: கடல் உயரவில்லை. ஆனாலும் கப்பல்கள் பெருகிவிட்டன. குண்டு மனிதர் தொட்டிக்குள் இறங்கினால் தண்ணீர் ஏறாதா? கப்பல்களை வெளியே எடுத்து வைத்தால் கடல் தானாக இறங்கிவிடும்.

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அதைப் பார்த்து முன்வரிசையும் தட்டியது. தொட்டி விஷயம் எல்லோருக்கும் புரிந்ததுதான் காரணம். அம்மாளின் வரைபடம் தலைகீழா நேரா என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. தொட்டியில் குளிக்காதவர் யார்? மறுநாள் காலையில், கப்பல்களைக் கரையேற்றுவதற்கான சாத்தியக்கூறுகளை ஆராய உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது.

அடுத்த அமர்வில் ஆனாலும் சார் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினார். வெப்பம் கூடவில்லை, வெப்பமானிகள்தான் கூடிவிட்டன என்றார். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு வெப்பமானி, ஒரு வெப்பம். இப்போது மருந்துக் கடை, வங்கி, கைப்பேசி எங்கே பார்த்தாலும் வெப்பமானி. வெப்பம் பெருகாமல் என்ன செய்யும்? தலைவர் எழுந்து நின்று பாராட்டினார். பொது இடங்களில் இருந்த வெப்பமானிகள் உடனடியாகக் கழற்றப்பட்டன. அந்த வாரமே ஊரில் பதிவான வெப்பம் கணிசமாகக் குறைந்தது. வெயிலில் சுருண்டு விழுந்த தபால்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஆதாரம் இல்லாமல் விழுந்திருக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்.

ஊரே இரண்டு கட்சியானது. கடல் உயரவில்லை என்பவர்கள் நீலத் துணிப்பட்டை குத்திக்கொண்டார்கள். உயர்கிறது என்பவர்கள் பச்சை. இரண்டையும் நம் தையல்காரர்தான் மேஜை மேல் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். பச்சைக்காரர்கள் இயற்கையைக் காக்க மூங்கில் தண்ணீர்க்குப்பி வைத்துக்கொண்டார்கள். அது விமானத்தில் வந்தது. திரும்பிப் போகும்போது வண்டி குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்பதற்காக, அமர்வு முடியும்வரை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு வைத்தார்கள். நீலக்காரர்களும் அப்படியே செய்ததால் இந்த ஒரு விஷயத்தில் ஊரில் ஒற்றுமை நிலவியது. மூன்றாம் தெருக்காரர்கள் தண்ணீரில் நடப்பதற்காகக் கால்சட்டையை முழங்காலோடு வெட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, மேட்டுப்பக்கத்துப் பணக்காரப் பையன்கள் அதே மாதிரி தைக்கச் சொல்லி வந்து நின்றார்கள். ஓரத்தில் கொஞ்சம் உப்புக்கறையும் வேண்டும் என்றார்கள். தையல்காரர் கால்சட்டைகளைத் தன் வீட்டு வாசலிலேயே நனைத்து எடுத்தார்.

ஆனாலும் சாரின் பாடுதான் திண்டாட்டம். தெருவில் போனால் கைகுலுக்குகிறார்கள். வீட்டுக்கு வந்தால் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு சாயங்காலம் சமையலறையில் கடல் இருந்தது. அடுப்புக்குக் கீழே ஒரு சின்ன நண்டு, சொந்த வீட்டுக்காரனின் தோரணையில் நடந்துகொண்டிருந்தது. மனைவி உப்பு டப்பாவை மட்டும் கீழேயே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பரணில் ஏற்றியிருந்தாள்.

“ஒரு காரியத்துக்கு அனுப்பினா உருப்படியாச் செய்யத் தெரியுதா?” என்றாள். “தோக்கறதுக்குக்கூட ஒரு திறமை வேணும்போல.”

அவருக்கு அழுகை வந்தது. இனி சுற்றி வளைப்பதில்லை என்று முடிவு செய்தார். மறுநாள் அமர்வில் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

“நான் தோத்துட்டேன் சார். அந்த அம்மா சொல்றது நூத்துக்கு நூறு நிஜம். கடல் எங்க வீட்டுச் சமையலறையில இருக்கு. வந்து பாருங்க.”

தலைவர் முகம் சுருங்கியது. சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலேயே பதில் சொன்னார்.

“நீங்க ஒத்துக்கிட்டா எதிர்த்தரப்பே இல்லாமப் போயிடும். எதிர்த்தரப்பு இல்லேன்னா இதுவரைக்கும் நடந்தது விவாதமே இல்ல. எல்லாத்தையும் முதல்லேர்ந்து தொடங்கணும். அது பரவாயில்லையா?”

“ஆனாலும் என் வீட்டுக்குள்ள தண்ணி நிக்குதே சார்.”

“அதனாலதான் உங்க சாட்சி செல்லாது. வீட்டுக்குள்ள கடல் வந்தவர் கடலைப் பத்தி நடுநிலையாப் பேச முடியுமா? கடல் வராத ஒருத்தர் வந்து சொல்லட்டும், கேட்டுக்கறேன்.”

மண்டபம் மீண்டும் கைதட்டியது. நீலமும் பச்சையும் சேர்ந்தே தட்டின. விவாதம் முடிந்துவிட்டால் சாயங்காலங்களில் எங்கே போவது என்ற கவலை இரண்டு தரப்புக்கும் இருந்தது.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள், மண்டபத்தின் பின்கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. முன்வரிசை காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நல்ல காற்றோட்டத்தை முன்னிட்டு அமர்வுகளை மேட்டுக்கு மாற்றலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தங்குதடையின்றி விவாதிக்க வசதியாக, அங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் குழுவினருக்கே குடியிருப்பாகக் கொடுக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்கு மட்டும் எதிர்த்தரப்பு தேவைப்படவில்லை.

இப்படியாக ஆனாலும் சாருக்கு மேட்டில் ஒரு வீடு கிடைத்தது. எதிர்த்தரப்பு அலுவலராக இருக்கும்வரை அது அவருடையது. அடுத்த வீடு ஆய்வாளர் அம்மாளுக்கு, விவாதம் முடியும்வரை. குடிபோன அன்று மனைவி அறை அறையாக நடந்து, தரையைக் காலால் தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஈரமில்லை. சுவரில் சாய்ந்து நின்று அவள் அழுததைப் பார்த்தபோது, இந்த வீட்டுக்காகக் கடலே இல்லை என்றுகூடச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. நம்மில் யாருக்குத் தோன்றியிருக்காது?

பயம் வந்தது அம்மாளுக்குத்தான். ஒரு காலை, அமர்வுக்குப் போகும் வழியில் ஆனாலும் சாரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நேத்து ரொம்ப வலுவில்லாமப் பேசினீங்க சார். நான் ஜெயிச்சிடுவேனோன்னு பயந்துட்டேன். என் பொண்ணுக்கு இந்த வருஷம் பெரிய பரீட்சை. இப்ப வீடு மாத்த முடியாது. இன்னிக்குக் கொஞ்சம் நல்லாப் பேசுங்க.”

இருபது வருஷம் அலையை அளந்தவர் அதைச் சொல்லும்போது ஆனாலும் சாரின் முகத்தைப் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. அன்று இவர் பேசிய பேச்சைப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன.

செய்தி கீழே பரவியது. முதலில் தையல்காரர்தான் வந்தார், இயந்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு.

“துணை எதிர்த்தரப்புன்னு ஏதாவது போட முடியுமா சார்? கடலே இல்லேன்னு எழுதி வேணும்னாலும் தரேன். தூங்க ஒரு ரூம் இருந்தாப் போதும்.”

அவருக்குக் கிடைத்தது. பிறகு மூன்றாம் தெரு முழுவதும் வந்தது, நான்காம் தெரு வந்தது. கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்து, தண்ணீர் இல்லை என்று உறுதிமொழி எடுத்தார்கள். எதிர்த்தரப்பு பெருத்துவிட்டதால் சமநிலை கருதி, கடல் உயர்கிறது என்ற ஆதாரத் தரப்புக்கும் அதே அளவு ஆட்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. எந்தத் தரப்புக்கும் பேச வராத தபால்காரரை, விவாதத்துக்குப் பார்வையாளர் வேண்டும் என்று நிரந்தரப் பார்வையாளராக நியமித்து மேட்டில் அமர்வு நடந்த கட்டடத்தின் தாழ்வாரத்தில் படுக்கச் சொன்னார்கள். கடைசியில் கீழே ஊர் என்று ஒன்றும் மிச்சமில்லை.

குழு தன் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. விவாதம் ஆரோக்கியமாகத் தொடர்கிறது என்றும், தாழ்வான பகுதிகளிலிருந்து கடல் குறித்துக் கடந்த பல மாதங்களாகப் புகார் எதுவும் வரவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. இரு தரப்பும் கையெழுத்திட்டன. போடும்போது ஆனாலும் சாருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மொட்டை மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தாள். கீழே கடல் பளபளவென்று கிடந்தது. மேட்டின் அடிவாரத்தில், நேற்றுவரை காய்ந்து கிடந்த பாறைகள் நனைந்திருந்தன. அவள் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க,” என்றாள், “இதுக்கு மேல மேடு எங்க இருக்கு?”

ஆனாலும் சார் வீட்டுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே வானம்தான் இருந்தது.