வைட்டமினைத் திட்டிய ஃப்ளெக்ஸ்

தெரியாத விஷயத்தைத்தான் நான் உரக்கப் பேசுவேன். தெரிந்த விஷயத்தில் கொஞ்சமாவது சந்தேகம் வரும். தெரியாததில் அந்தத் தொல்லையே கிடையாது.

சில வருடங்களுக்கு முன் பாலக்கோட்டில் இயற்கை விளைபொருள் கடை ஆரம்பித்தேன். ரசாயன உரம் போடாத தக்காளி, ராகி, சாமை. திறப்பு விழா ஃப்ளெக்ஸுக்கு வாசகம் என் சொந்தத் தயாரிப்பு: 'வைட்டமின் இன்ஆர்கானிக். எங்களிடம் எல்லாமே ஆர்கானிக்.' (எழுதிவிட்டு நானே நாலு முறை படித்து ரசித்தேன்.)

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்பவர் கவிதா. கடத்தூர்க்காரர், வேதியியல் படித்தவர். டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, வைட்டமின் எல்லாத்துலயும் கார்பன் இருக்குதுங்க. அதெல்லாம் ஆர்கானிக்தாங்க. இரும்பு, துத்தநாகம் மாதிரி தாதுங்கதான் இன்ஆர்கானிக்."

"மாத்திரை எந்தத் தோட்டத்துல வெளையுது, சொல்லு கண்ணு" என்றேன்.

வேதியியலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு, தக்காளியில் இருந்தாலும் மாத்திரையில் இருந்தாலும் வைட்டமின் சி ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார். பதிலுக்கு நான் அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் பெருமூச்சு விட்டு, கேட்டபடியே அடித்துக் கொடுத்தார்.

கடையைத் திறந்து வைக்க அழைத்திருந்த உள்ளூர் டாக்டர் ரிப்பன் பக்கம் போகாமல் அண்ணாந்து ஃப்ளெக்ஸைப் படித்தார். மைக்கை வாங்கினார். "அப்போ வைட்டமின் இல்லாத தக்காளியா விக்கப் போறீங்க?" என்றார்.

விழாவுக்கு வந்திருந்த தக்காளி மண்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி கற்பூரத் தட்டையே உற்றுப் பார்த்தாள். கையிருப்பு முழுவதையும் போட்டு எடுத்த கடை. வாங்க வந்த இரண்டு பேர் மெல்லப் பையை மடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

அப்போதுதான் கவிதா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் சுருட்டிய இன்னொரு ஃப்ளெக்ஸ். நான் கேட்காமலே முந்தின நாளே அடித்து வைத்திருக்கிறார். அவசரமாகக் கட்டினோம்: 'எங்கள் தக்காளியில் வைட்டமின் சி உண்டு. ரசாயன உரம் இல்லை.'

டாக்டர் படித்தார், தலையாட்டினார், ரிப்பனை வெட்டினார். முதல் ஒரு கிலோ தக்காளியும் அவரே வாங்கினார்.

நான் கவிதாவிடம் நன்றியும் மன்னிப்புமாக ஏதோ உளறினேன்.

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதுங்க. ஆனா கடை ஓடணுமில்லீங்களா" என்றார். 'அப்பவே சொன்னேனே' என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதை மைக்கில் சொல்லியிருப்பேன்.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் மகள் போனை எடுத்துவிடுவாள். "அப்பா, கவிதாக்காவ ரெண்டாவது ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லட்டுமா?" என்பாள்.

(பெரும்பாலும் அடிக்க வேண்டியதாகத்தான் இருக்கிறது.)